குறைந்த லேபிளில் லீனியர் கிளாசிஃபயர்: திருப்பூர் துணிப் படங்களோடு ஒரு செய்முறை

பனியன் துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று படத்தைப் பார்த்துச் சொல்லும் மாடல் வேண்டும். திருப்பூரில் நிட்டிங் மெஷின் மேல் கேமரா வைத்தால் படங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடும். அவற்றுக்கு லேபிள் (‘நல்லது’, ‘பழுது’ என்ற குறிப்பு) போடத்தான் செக்கிங்கில் பழுத்த ஒருவரின் கண் வேண்டும். அந்த அண்ணனிடம் எந்தப் படத்தைக் காட்டுவது என்பதை மாடலே தேர்ந்தெடுத்தால், அதுதான் ஆக்டிவ் லேர்னிங்.

கறையின் அளவுப்படி 1000 துணிகளை அடுக்கியிருக்கிறோம், ஓர் இடத்துக்கு மேல் எல்லாமே கழிவு என்று வையுங்கள். நடுவில் உள்ளதைக் கேட்டால் பாதி வரிசை தீர்ந்தது. இப்படியே போனால் 10 கேள்விக்குள் எல்லை கிடைத்துவிடும். நிஜத் துணி இவ்வளவு சுத்தமாகப் பிரியாது. ஆனாலும் லாபம் வருவது இந்த வழியில்தான்.

படி 1: சோதனைக்கென 200 படங்களைக் குருட்டாம்போக்கில் எடுத்து, லேபிள் போட்டு ஒதுக்குங்கள். அந்தத் துணி ரோல்களின் (சுருள்களின்) வேறு படங்கள் பயிற்சிக்குள் வரக்கூடாது.

படி 2: ஏற்கெனவே பயிற்றப்பட்ட பட நியூரல் நெட்வொர்க்கான ரெஸ்நெட்-18 வழியாக ஒவ்வொரு படத்தையும் 512 எண்களாக்குங்கள்.

படி 3: 20 படங்களுக்கு லேபிள் போட்டுத் தொடங்குங்கள். பழுது அபூர்வம் என்பதால், செக்கிங்கில் கழித்த துணிகளிலிருந்தும் சில சேர்க்க வேண்டும்.

படி 4: சைக்கிட்-லேர்ன் என்ற பைதான் லைப்ரரியில் லாஜிஸ்டிக் ரிக்ரஷனை ஓட்டுங்கள். தலைப்பில் சொன்ன லீனியர் கிளாசிஃபயர் இதுதான்: எண்களுக்கு எடை போட்டுக் கூட்டி, படம் பழுதாக இருக்கும் நிகழ்தகவைச் சொல்லும்.

படி 5: லேபிள் இல்லாத படங்களில், நிகழ்தகவு 0.5-க்கு மிக அருகில் உள்ளவற்றைக் கேளுங்கள். லூயிஸ், கேல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1994-ல் உரைகளை வகைப்படுத்த முன்வைத்த முறை இது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதுவே போதும் என்பேன்.

இங்கேதான் கவனம் தேவை. ஒரு சுற்றுக்குப் பத்துப் படம் கேட்கிறோம் என்றால், 0.5-க்கு அருகில் உள்ள முதல் பத்தை அப்படியே எடுத்தால் பத்தும் ஒரே ரோலாக இருக்கலாம். பத்து லேபிள் செலவில் ஒரு லேபிளின் பயன்தான் கிடைக்கும். ரோலுக்கு ஒன்று என்று வரம்பு வையுங்கள். அந்தப் பத்தில் இரண்டை மட்டும் நிகழ்தகவு பார்க்காமல் குருட்டாம்போக்கில் எடுங்கள். ஊசிக் கோடு விழுந்த துணியை மாடல் பார்த்ததே இல்லையென்றால், அதை ‘நல்ல துணி’ என்று உறுதியாகச் சொல்லிக் கடந்துவிடும். சந்தேகமே வராததால் கேட்கவும் செய்யாது.

படி 6: புது லேபிள்களைச் சேர்த்து மறுபடி பயிற்றுங்கள். மொத்தத் துல்லியத்தை நம்பாதீர்கள்; பழுது அபூர்வம் என்பதால், எல்லாமே நல்லது என்று சொன்னாலும் அது உயர்ந்தே தெரியும். படி 1-ல் ஒதுக்கிய படங்களில் உள்ள பழுதுகளில் எத்தனையைப் பிடித்தது என்று பாருங்கள். அந்த எண்ணிக்கை பல சுற்றுகளாக ஏறவில்லையென்றால் நிறுத்தலாம்; இல்லையென்றால் படி 5-க்குத் திரும்புங்கள்.

எல்லையோரப் படங்களில் மனிதருக்கும் குழப்பம் வரும். லேபிள் போடும் திரையில் ‘சந்தேகம்’ என்றொரு பட்டனும் வையுங்கள். அதில் விழுந்தவற்றைப் பயிற்சியில் சேர்க்காமல், இன்னொரு செக்கரிடம் காட்டுங்கள்.