அணுக் கணக்கு சரி, மின்சுமை எங்கே?

கொழிஞ்சாம்பாறையில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ஆக்ஸிஜனேற்ற ஒடுக்கச் சமன்பாடு, அதாவது ஒன்று எலக்ட்ரானை விட இன்னொன்று வாங்கும் வினை, ஆரம்பிக்கும் அன்று போர்டில் முதலில் எழுதுவது இதைத்தான்: காப்பரும் சில்வர் அயனியும் சேர்ந்து காப்பர் அயனியும் சில்வரும் ஆகின்றன. "சமன் ஆயிருச்சா?" என்றால், "ஆயிருச்சு சார்" என்று பாதி வகுப்பு தலையாட்டும். அணுக்கள் இரு பக்கமும் ஒன்றுக்கு ஒன்று, சரிதான். மின்சுமையோ இந்தப் பக்கம் +1, அந்தப் பக்கம் +2. காப்பர் விடுவது இரண்டு எலக்ட்ரான், ஒரு சில்வர் அயனி வாங்குவது ஒன்றுதான். இரு பக்கமும் சில்வருக்கு முன்னால் 2 போட்டால்தான் கணக்கு நேராகும். ஜிஎஸ்டி வருவதற்கு முன்பு கோபாலபுரம் எல்லை செக்போஸ்ட்டில் மூட்டையை எண்ணிவிட்டு, பில்லைப் பார்க்காமல் லாரியை விட்டார்களா?

டைகுரோமேட்டில் வேறு தப்பு. குரோமியத்தின் ஆக்ஸிஜனேற்ற எண் +6இலிருந்து +3க்கு இறங்குகிறது, அதனால் 3 எலக்ட்ரான் என்று எழுதிவிடுவார்கள். அந்த அயனிக்குள் குரோமியம் இரண்டு இருக்கிறது, வேண்டியது 6. பெராக்சைடில் ஆக்ஸிஜனுக்குப் பழக்கதோஷத்தில் -2 போடுவதும் உண்டு. அங்கே அது -1.

அதிகம் வழுக்குவது பெர்மாங்கனேட்டில்தான். அமிலத்தில் மாங்கனீஸ் +7இலிருந்து +2க்கு வரும், 5 எலக்ட்ரான். இதை மனப்பாடம் செய்துவிட்டு எல்லா இடத்திலும் 5 போடுகிறார்கள். மழைக்குப் பிறகு கிணற்றில் பெர்மாங்கனேட் போட்ட வீடுகளில் பார்த்திருப்பீர்கள்: ஊதா மங்கும், வாளியின் உட்புறத்தில் பழுப்புக் கறை ஏறும். அந்தக் கறை மாங்கனீஸ் டைஆக்சைடு. கிணற்றுத் தண்ணீரில் அமிலம் கிடையாது, ஆகவே மாங்கனீஸ் +4இலேயே நின்றுவிடுகிறது, 3 எலக்ட்ரான்தான். லேபில் தரம் பார்க்கும்போது (டைட்ரேஷன்) கூம்புக் குடுவை பழுப்பாகக் கலங்கினாலும் இதே கதைதான், நீர்த்த கந்தக அமிலம் போதவில்லை. ஊடகம் அமிலமா, காரமா, நடுநிலையா என்று பார்க்காமல் பேனாவைத் திறக்காதீர்கள்.

அமிலத்தில் பெர்மாங்கனேட் ஒன்றுக்கு ஃபெரஸ் (+2 இரும்பு அயனி) 5, ஹைட்ரஜன் அயனி 8. மின்சுமையைக் கூட்டுங்கள்: -1, +10, +8, ஆக +17. வலப்பக்கம் மாங்கனீஸ் அயனி +2, ஃபெரிக் (+3 இரும்பு அயனி) ஐந்துக்கு +15. நான்கு தண்ணீருக்குச் சுமையே இல்லை. அதுவும் +17.

கார ஊடகம் என்று கேள்வியிலேயே இருக்கும், விடையில் ஹைட்ரஜன் அயனி உட்கார்ந்திருக்கும். மார்க் போவது இங்கேதான். முதலில் அமிலம் போலவே சமன் செய்துகொள்ளுங்கள். அப்புறம் எத்தனை ஹைட்ரஜன் அயனியோ அத்தனை ஹைட்ராக்சைடை இரு பக்கமும் சேருங்கள். இரண்டும் கூடித் தண்ணீராகும். இரு பக்கமும் பொதுவாக வரும் தண்ணீரை அடித்துவிடலாம்.