லாக்-லாக் வரைபடத்தில் அடுக்கு கண்டுபிடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கம் சிவில் படிக்கிறவர்களுக்கு வி-நாட்ச் புதிதல்ல. முல்லைப் பெரியாறு அணையின் கசிவுநீரை அளப்பதும் இந்த வி வடிவத் திறப்பை வைத்துத்தான். திறப்பின் அடிமுனைக்கு மேல் நிற்கும் நீரின் உயரம் கூடக்கூட, வழியும் நீர் அந்த உயரத்தின் 2.5 அடுக்காகக் கூடும். இரண்டுக்கும் லாக் (மடக்கை) எடுத்து வரைந்தால் நேர்கோடு வரும். அதன் சாய்வுதான் அடுக்கு. ஆனால் லேபில் பலருக்கு 2.3 வரும், சிலருக்கு 2.7 வரும்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது, உயரத்தை எங்கிருந்து அளக்கிறோமோ அந்தப் பூச்சியத்தை. வழிவது நின்றதும் ஹூக் கேஜில் (நீர்மட்டம் அளக்கும் கொக்கிக் கருவியில்) ஆரம்ப ரீடிங் எடுத்துவிடுகிறார்கள். பரப்பு இழுவிசையால் அப்போதும் நீர்மட்டம் முனைக்குச் சற்று மேலேதான் நிற்கும். உண்மையான உயரம் 2 முதல் 10 செ.மீ. வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ரீடிங்கிலும் 3 மி.மீ. குறைந்தால் சாய்வு 2.31 ஆகிவிடும், 3 மி.மீ. கூடினால் 2.68. அந்த 3 மி.மீ. 10 செ.மீ.க்கு வெறும் 3 சதவீதம், 2 செ.மீ.க்கோ 15 சதவீதம். லாக்குக்கு விகிதம்தான் கணக்கு. அதனால் கீழ்க்கோடிப் புள்ளிகள் ஒரே பக்கமாக வளைந்து போகும். அப்படித் தெரிந்தால், நடுவில் ஒரு கோட்டை இழுத்துச் சமாளிக்காதீர்கள்; பூச்சியத்தை மறுபடி எடுங்கள். வைகை மாதிரி மணல் ஆற்றில் இது இன்னும் முக்கியம். ஓட்டம் நின்றுபோகும் மட்டம் ஒவ்வொரு வெள்ளத்திலும் மாறக்கூடும். அளவுகோல் காட்டும் எண்ணிலிருந்து அதைக் கழித்த பிறகுதான் லாக் எடுக்க வேண்டும்.

அடுத்தது வீச்சு. 6 முதல் 9 செ.மீ. வரை மட்டும் அளந்தால் எந்த வளைவும் நேர்கோடாகத்தான் தெரியும். புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒட்டுகின்றன என்று காட்டும் ஆர்-ஸ்கொயர் 0.99 வந்தாலும் அது அடுக்கு விதிக்குச் சாட்சி ஆகாது. 2, 3, 4, 5 என்று சம இடைவெளியில் எடுத்தால் புள்ளிகள் வலது பக்கம் நெருக்கியடித்து நிற்கும். 2, 3, 4.5, 6.7, 10 என்று ஏறத்தாழ ஒன்றரை மடங்காக ஏற்றிக்கொண்டு போங்கள். சின்ன உயரங்களில், வழியும் நீரைப் பிடித்து அளக்கும் தொட்டி நிறைவதற்கு நேரம் பிடிக்கும்தான். பொறுமையாக அளங்கள், சாய்வைத் தீர்மானிப்பதில் அந்தப் புள்ளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்புறம், அச்சடித்த லாக் ஷீட்டில் சாய்வு காணும்போது அச்சில் உள்ள எண்களை அப்படியே கழிக்கக் கூடாது. அவற்றின் லாக்கைத்தான் கழிக்க வேண்டும். ஒரு அச்சுக்கு 10 அடிமான லாக்கும் மற்றதற்கு இயல் மடக்கையும் (ln) எடுத்தால் சாய்வு 2.303 மடங்கு பிசகும். கால்குலேட்டரில் இரண்டு பொத்தான்களும் பக்கத்திலேயே இருப்பதால் இது சுலபமாக நடக்கிறது.

கோடு அச்சை வெட்டும் இடத்துக்கு ஆன்டிலாக் (லாக்கின் எதிர்க்கணக்கு) எடுத்தால்தான், உயரத்தின் அடுக்கைப் பெருக்கும் எண்ணான குணகம் கிடைக்கும். 90 பாகை வி-நாட்சுக்கு மீட்டர் அலகில் அது 1.4-ஐ ஒட்டி வரும். செ.மீ.யிலும் கன செ.மீ.யிலும் வரைந்தால் அதே குணகம் 14 ஆகும். சாய்வு மட்டும் மாறாது.