பெரிய பெட்ரோல் ஆர்சி ட்ரக்: பராமரிப்பிலும் மேம்படுத்தலிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லோசி ஃபைவ்-டி, எச்பிஐ பாஹா 5டி போன்ற உண்மை வண்டியில் ஐந்தில் ஒரு பங்கு அளவிலான ஆர்சி (ரேடியோ ரிமோட்டால் இயக்கும்) ட்ரக்குகளைப் பொம்மை என்று சொல்வது பொருந்தாது. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமும் பத்து கிலோவுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட இவ்வண்டிகளில் இருப்பது, ஸ்பார்க் பிளக்கும் கார்புரேட்டரும் இழுகயிறும் உள்ள உண்மையான டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின். இவ்வகை இன்ஜின்களில் பெயர்பெற்ற ஜப்பானின் செனோவா, புல்வெட்டிகளுக்கும் மரம் அறுக்கும் ரம்பங்களுக்கும் இன்ஜின் செய்து வந்த நிறுவனம். வாங்கிய சில வாரங்களிலேயே அலுமினியப் பாகங்களையும் பெரிய சிலிண்டரையும் தேடத் தொடங்குவோர் பலர். ஆனால் இவ்வண்டிகளின் ஆயுளைக் குறைப்பவை பெரும்பாலும் தூசியும், தவறான எரிபொருள் கலவையும், தளர்ந்த போல்ட்டுகளும்தான். அவற்றைச் சரிசெய்யாமல் பூட்டப்படும் புதிய பாகம் எதுவாயினும் அது வீண் செலவே.

முதலில் எரிபொருளைப் பார்ப்போம். சிறிய ஆர்சி கார்களுக்கான மெத்தனால் கலந்த நைட்ரோ எரிபொருளை இந்த இன்ஜினில் ஊற்றக் கூடாது. இதற்கு வேண்டியது பெட்ரோலும் டூ ஸ்ட்ரோக் ஆயிலும் மட்டுமே. 25:1 என்ற விகிதம் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில். ஆயில் கூடுதலாக இருந்தால் இன்ஜினுக்கு நல்லதுதானே என்று கண்ணளவில் ஊற்றுவது இங்கே பரவலான தவறு. ஆயில் கூடும்போது அதே அளவு கலவையில் பெட்ரோல் குறைகிறது. எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் கார்புரேட்டர் ஊசியைத் தொடாமல் விட்டால் இன்ஜினுக்குப் போதிய எரிபொருள் கிடைக்காமல் சூடு ஏறுகிறது, பிளக்கிலும் கரி படிகிறது. விகிதத்தை மாற்றினால் டியூனிங்கையும் மாற்றியாக வேண்டும். இந்தியாவில் இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருப்பதால், இங்கு ஓட்டுவோருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எத்தனால் எரிவதற்குக் காற்று குறைவாகவே தேவைப்படும். ஆகவே எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு அமைத்த அதே ஊசி நிலை, இந்தப் பெட்ரோலில் எரிபொருள் குறைந்த நிலையாகிவிடும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்வதால், கலந்து வைத்த கேனை மாதக்கணக்கில் மூலையில் வைத்திருந்து பயன்படுத்துவது கார்புரேட்டரின் ரப்பர் சவ்வைக் கெடுக்கும் வழி. ஓட்டப் போகும் அளவுக்கு மட்டும் கலந்துகொள்வது நல்லது.

அடுத்தது ஏர் ஃபில்டர். இந்தப் பராமரிப்பு முழுவதிலும் ஒன்றே ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்றால், நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் உள்ளே வரும் காற்று நேரே சிலிண்டருக்குப் போவதில்லை. முதலில் கிராங்க் அறைக்குள் சென்று, அங்குள்ள பேரிங்குகளைத் தாண்டித்தான் மேலே ஏறுகிறது. ஃபில்டரைக் கடந்து வந்த நுண்மணல் அங்கே ஆயிலோடு குழைந்து, உள்ளிருக்கும் அனைத்தையும் தேய்க்கும் பசையாகிறது. பஞ்சு ஃபில்டரை வெந்நீரிலும் சோப்பிலும் கழுவி, முழுதும் உலர்த்தி, ஃபில்டர் ஆயிலைப் பஞ்சின் எல்லாப் பகுதிக்கும் பரவும்படி பிசைந்து, மிகுதியைப் பிழிந்த பிறகே மாட்ட வேண்டும். உலர்ந்த பஞ்சைத் தட்டிவிட்டு அப்படியே மாட்டுவதும், ஆயில் சொட்டச் சொட்ட மாட்டிக் காற்றோட்டத்தை அடைப்பதும் ஒன்றுக்கொன்று குறையாத தவறுகள். பஞ்சு அடித்தட்டோடு சேரும் விளிம்பில் மெல்லியதாகக் கிரீஸ் தடவுவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தூசி பெரும்பாலும் அந்த இடுக்கு வழியாகவே நுழைகிறது. இன்ஜினைப் பிரிக்க நேர்ந்தால் பிஸ்டனைக் கையில் எடுத்துப் பாருங்கள். கார்புரேட்டர் இருக்கும் பக்கத்தில் மங்கலாகத் தேய்ந்திருந்தால் தூசியின் வேலை. சைலன்சர் இருக்கும் பக்கத்தில் ஆழமான கீறல்கள் இருந்தால், பெரும்பாலும் எரிபொருள் குறைந்து சூடேறிப் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்ததன் (சீஸ் ஆனதன்) அடையாளம். புதிய பிஸ்டன் வாங்குவதற்கு முன் இந்த வேறுபாட்டைக் கவனிக்காதவர், அடுத்த பிஸ்டனையும் அதே காரணத்தால் இழப்பார்.

கார்புரேட்டரில் எல், எச் என்று இரண்டு ஊசிகள் இருக்கும்: முன்னது ஐட்லிங்குக்கும் குறைந்த வேகத்துக்கும், பின்னது முழு வேகத்துக்கும். இன்ஜின் சூடாவதற்கு முன்பே இவற்றைத் திருகத் தொடங்குவதும், இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுவதும் டியூனிங்கைக் குழப்பத்தில் கொண்டுபோய் விடும். கையேட்டில் உள்ள தொடக்க நிலைக்குத் திரும்பி, ஓட்டிச் சூடாக்கி, ஒரு நேரத்தில் ஓர் ஊசியை மட்டும் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் சத்தம் இறங்காமல் சற்று நேரம் உயரத்திலேயே நின்றால், ஊசியைத் தொடுவதற்கு முன் கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள கேஸ்கெட்டுகளையும் அவற்றைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் பாருங்கள். அங்கே காற்று கசிகிறதா என்பதே முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். ஐட்லிங் வேகத்தை அளவுக்கு மேல் ஏற்றி வைத்தால் கிளட்ச் பாதி பிடித்தபடியே உரசித் தேய்ந்துபோகும்.

ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினின் அதிர்வு எந்தப் போல்ட்டையும் விட்டுவைக்காது. இரும்பு இரும்போடும் அலுமினியத்தோடும் சேரும் இடங்களில் போல்ட் தளராமல் பிடிக்கும் பசையான லாக்டைட்டில் நீல நிறம் ஒரு துளி போதும். சிவப்பு லாக்டைட் இட்டால் பின்னாளில் நன்கு சூடாக்காமல் கழற்றுவது கடினம். பிளாஸ்டிக் பாகங்களில் எந்த லாக்டைட்டும் வேண்டாம், வெடிப்பு விழக்கூடும். ஓட்டி முடித்ததும் உயர் அழுத்த நீரில் கழுவுவதையும் தவிருங்கள். தூரிகையும் காற்றும் போதும்.

இப்போது சொல்லப்போவது பாதுகாப்பு பற்றியது. ரிசீவரில் (வண்டியில் ரிமோட்டின் சிக்னலை வாங்கும் கருவி) சிக்னல் அறுந்தால் சர்வோவைப் (ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் நகர்த்தும் சிறு மோட்டார்) பிரேக் நிலைக்குக் கொண்டுவரும் ஃபெயில்சேஃப் இருக்கிறது என்று நம்பி நிம்மதியாக இருப்போர் பலர். ரிசீவர் பேட்டரியே தீர்ந்துவிட்டால் அல்லது அதன் ஒயர் அதிர்வில் கழன்றுவிட்டால், சர்வோவை நகர்த்த மின்சாரம் இருக்காது. ஆக்சிலரேட்டர் எந்த நிலையில் இருந்ததோ அதிலேயே நின்றுவிடலாம். மின்மோட்டார் வண்டி பேட்டரி போனால் நின்றுவிடும், பெட்ரோல் வண்டி நிற்காது. எனவே, ரிசீவருக்கு மின்சாரம் நின்றாலும் இன்ஜினின் தீப்பொறியைத் துண்டிக்கும்படி வடிவமைத்த கில் சுவிட்சைப் பொருத்துவதே முதல் மேம்படுத்தலாக இருக்க வேண்டும். சக்கரங்கள் தரையைத் தொடாதபடி வண்டியைத் தாங்கியில் வைத்து, இன்ஜின் ஓடும்போது முதலில் ரிமோட்டையும், மறுமுறை ரிசீவர் சுவிட்சையும் அணைத்துப் பாருங்கள். இரண்டில் ஒரு முறை இன்ஜின் நிற்காவிட்டாலும் மைதானத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பேட்டரியை மாற்றும்போது செய்யப்படும் தவறும் இதனோடு தொடர்புடையது. முழுதும் சார்ஜ் ஆன இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி 8.4 வோல்ட் தரும். 6 வோல்ட்டுக்கான சர்வோவில் அதை நேரடியாக இணைத்தால் சர்வோ கருகக்கூடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரோ, உயர் மின்னழுத்தச் சர்வோவோ தேவை. சர்வோவுக்கு அலுமினியக் கை வாங்குவோர் பல்லெண்ணிக்கையைப் பார்த்து வாங்க வேண்டும். 23, 24, 25 என்று நிறுவனத்துக்கு ஏற்ப மாறும்.

அலுமினியத்தின் மீதுள்ள மோகம் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் சஸ்பென்ஷன் கை உடைவதைக் குறையாக எண்ணி நான்கையும் அலுமினியமாக மாற்றினால், பிளாஸ்டிக் வளைந்து வாங்கிக்கொண்ட அடி இப்போது கையைத் தாண்டி, அதைத் தாங்கும் பகுதிக்கும் வண்டியின் அடித்தட்டுக்கும் போய்ச் சேரும். உடைந்த பிளாஸ்டிக் கையை மைதானத்திலேயே மாற்றிவிடலாம். வளைந்த அடித்தட்டை மாற்ற வண்டி முழுவதையும் பிரிக்க வேண்டும். பெரிய சிலிண்டரும் டியூன்ட் பைப்பும் (விசையைக் கூட்டும்படி வடிவமைத்த சைலன்சர் குழாய்) இதே வகைதான்: கூடும் விசையைக் கிளட்ச், கியர், டிஃபரன்ஷியல், பிரேக் ஆகியவை தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். பைப்பை மாற்றிய பின் எச் ஊசியை முன்பைவிடச் சற்றுத் திறந்து வைத்துத் தொடங்குவதே பாதுகாப்பு.

சில வாரங்கள் ஓட்டப் போவதில்லை என்றால் டாங்கியைக் காலிசெய்து, கார்புரேட்டரில் மீதமுள்ளது தீரும்வரை இன்ஜினை ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகச் சில துளி டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, இழுகயிற்றை மெதுவாக இழுத்துப் பிஸ்டனை மேல்நிலையில் நிறுத்துங்கள். சைலன்சர் பக்கத் துளையைப் பிஸ்டனே மூடிக்கொள்ளும், ஈரக்காற்று அவ்வழியாகச் சிலிண்டருக்குள் போகாது.