குரோமாட்டின் குறிகளை ஜோடி ஜோடியாகப் படிப்பது எப்படி?

டிஎன்ஏவும் அது சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களும் சேர்ந்ததுதான் குரோமாட்டின்; அந்தப் புரதங்களில் ஒட்டும் மெத்தில், அசிட்டைல் போன்ற சிறு வேதிக்குழுக்களே குறிகள். எந்தக் குறி ஜீனோமில் எங்கே இருக்கிறது என்று ஆன்டிபாடியால் இழுத்துப் படிக்கும் சோதனை சிப்-சீக். அதன் தரவை முதன்முதலாகத் திறக்கும்போது பலர் ஒரே ஒரு டிராக்கை (ஒரு குறிக்கான வரைபட வரிசை) பார்த்துவிட்டு, 'கே4மீ3 இருக்கு, ஜீன் ஆன்' என்று எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒரு குறி இன்னொன்றைக் கூப்பிடும், அல்லது வரவிடாமல் தடுக்கும். (கே4மீ3 என்றால் எச்3 ஹிஸ்டோனின் 4ஆவது இடத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் மூன்று மெத்தில். மற்றவையும் அப்படித்தான்.)

முதலில், ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் ஓடும் ஜிஏபிடிஎச் மரபணுவுக்குப் போங்கள். தொடக்கத்தில் கே4மீ3 கூர்மையாகவும், உள்ளே போகப்போக கே36மீ3 பரந்தும் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் ஆன்டிபாடியைச் சந்தேகப்படுங்கள், மேலே போக வேண்டாம்.

சரி, அடுத்து 27ஆவது இடத்து லைசின். அதில் அசிட்டைல் உட்கார்ந்துவிட்டால் பிஆர்சி2 (கே27மீ3 குறியை வைக்கும் புரதக் கூட்டு) அங்கே மெத்திலைச் சேர்க்க முடியாது, இருப்பது ஒரே இடம். அசிட்டைல், மெத்தில் இரண்டும் ஒரே மேட்டில் (டிராக்கில் சிக்னல் உயரும் இடம்) தெரிந்தால் பெரும்பாலும் உங்கள் சாம்பிளில் இரண்டு வகைச் செல்கள் கலந்திருக்கின்றன. ஆனால் கே4மீ3, கே27மீ3 சேர்ந்து வருவது வேறு கதை. கருமூலச் செல்களில், உடல் அமைப்பை வகுக்கும் ஹாக்ஸ் மரபணுக்களைப் பாருங்கள், இரண்டும் இருக்கும். 2006இல் பெர்ன்ஸ்டைன் ஆய்வுக் குழு இதற்கு 'பைவேலன்ட்' (இரட்டைக் குறி) என்று பெயர் வைத்தது. ஒரு நியூக்ளியோசோமில் (டிஎன்ஏ சுற்றிய ஹிஸ்டோன் உருண்டை) இரண்டு எச்3 வால்கள் உண்டு, ஒன்றில் கே4மீ3, மற்றதில் கே27மீ3 என்று இருக்கலாம். இதைச் சாதாரண சிப் நிரூபிக்காது, ஒரு ஆன்டிபாடியில் இழுத்ததையே இன்னொன்றால் மறுபடி இழுக்கும் தொடர் சிப் வேண்டும்.

இப்போது டிஎன்ஏ மெத்திலேஷன் (டிஎன்ஏவிலேயே மெத்தில் ஒட்டுவது) டிராக்கையும் கீழே சேருங்கள். கே4மீ3 இருக்கும் இடத்தில், டிஎன்ஏவில் மெத்தில் சேர்க்கும் டிஎன்எம்டி3ஏ நொதிக்குப் பிடிமானம் கிடைக்காது, அதனால் ஓடுகிற புரமோட்டர் (மரபணுவின் தொடக்கப் பகுதி) மெத்தில் இல்லாமல் சுத்தமாக இருக்கும். மரபணுவின் உள்பகுதியில் நிலைமை நேர்மாறு: கே36மீ3 அதே வகை நொதியான டிஎன்எம்டி3பியை அழைத்து வருகிறது, அதோடு பிஆர்சி2வையும் தடுக்கிறது. ஆகவே உள்பகுதியில் மெத்தில் நிறைய இருப்பதை வைத்து ஜீன் அடங்கிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். எனக்கு இந்தத் தவறுதான் ரொம்ப வருத்தம் தருகிறது, ஏனென்றால் அங்கே உண்மை பெரும்பாலும் தலைகீழாக இருக்கும்.

எது எதைத் தடுக்கிறது என்று சோதிக்க வேண்டுமானால் பிஆர்சி2வில் மெத்தில் சேர்க்கும் நொதியான ஈஇசட்எச்2வை டாசெமெட்டோஸ்டாட் போன்ற மருந்தால் நிறுத்திப் பாருங்கள். ஆனால் மருந்து போட்டது, போடாதது என்ற இரண்டு சாம்பிளிலும் ஒரே அளவு பழ ஈயின் குரோமாட்டினை அளவுகோலாகக் கலந்துகொள்ளுங்கள். ரீட் (படித்த டிஎன்ஏ துண்டு) எண்ணிக்கையை மட்டும் சமப்படுத்தினால், ஜீனோம் முழுக்க கே27மீ3 சரிந்திருந்தாலும் திரையில் பழைய மேடுகளே தெரியும்.