கோடிங் இன்டர்வியூவில் வாய்விட்டு யோசியுங்கள்

கல்லூரி முடித்த வருடம், சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனி இன்டர்வியூவில் 20 நிமிடம் வாயே திறக்காமல் பேப்பரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதி விடை மனசுக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் எதிரே இருந்தவருக்கு அது எப்படித் தெரியும்? பின்னாளில் நானே இன்டர்வியூ எடுக்க உட்கார்ந்தபோது, பேசாமல் இருப்பவருக்கு உதவ நினைத்தாலும் எங்கே கை கொடுப்பது என்று தெரியாமல் தவித்திருக்கிறேன்.

எல்லோருக்கும் பழக்கமான கேள்வி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஒரு அரேயில், அதாவது வரிசையாக அடுக்கிய ஒரு பட்டியலில், எண்கள் இருக்கின்றன, கூட்டினால் 9 வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். உடனே கீபோர்டில் கை வைக்காதீர்கள். மைனஸ் எண்கள் வருமா, ஒரே எண் இரண்டு முறை வருமா, விடையே இல்லையென்றால் என்ன திருப்பித் தர வேண்டும் என்று முதலில் கேளுங்கள்.

அப்புறம் தோன்றுகிற எளிய வழியைச் சொல்லிவிடுங்கள்: ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு லூப் (பட்டியலை ஒவ்வொரு எண்ணாக ஓடிப் பார்ப்பதுதான் லூப்), ஒவ்வொரு ஜோடியையும் கூட்டிப் பார்ப்பது. மெதுவான வழிதான், பரவாயில்லை. ஏன் மெது என்பதையும் நீங்களே சொல்லுங்கள். 1,00,000 எண்கள் இருந்தால் கிட்டத்தட்ட 500 கோடி ஜோடிகள். இப்படிக் கணக்குப் போட்டுக் காட்டினாலே அடுத்த படி தானாக வரும்: கையில் 2 இருந்தால் தேடுவது 7, அந்த 7-ஐ ஏற்கெனவே பார்த்தோமா என்று ஒரு ஹேஷ் மேப்பில் (பார்த்த எண்களைக் குறித்து வைத்து, கேட்டதும் சட்டென்று தேடித் தரும் அமைப்பு) கேட்டால் போதும், ஒரே லூப்பில் வேலை முடிந்துவிடும். அதற்குக் கூடுதல் மெமரி செலவாகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கோட் எழுதியதும் "முடிந்தது" என்று நிமிராதீர்கள். 3, 2, 4 என்ற எண்களும் 6 என்ற இலக்கும் கொடுத்து வரி வரியாக ஓட்டிப் பாருங்கள். தேடுவதற்கு முன்பே எண்ணை மேப்பில் போட்டிருந்தால், அந்த ஒரே 3-ஐ இரண்டு முறை கூட்டித் தப்பான விடை வரும். இந்தப் பிழையை நான் சுட்டிக்காட்டும் முன் தானே கண்டுபிடித்துத் திருத்துபவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

தமிழ் மீடியத்தில் படித்த பலர் ஆங்கிலத்துக்குப் பயந்தே மௌனமாகிவிடுகிறார்கள், இது எனக்கு உண்மையிலேயே வலிக்கும் விஷயம். சரியான விடை மனசில் இருந்தும் வேலை கைவிட்டுப் போகிறது. "ஐ வில் ஸ்டார்ட் வித் தி சிம்பிள் சொல்யூஷன்" மாதிரி நாலைந்து வாக்கியங்களை வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். எதிரே இருப்பவருக்குத் தமிழ் தெரியும் என்று பட்டால், தமிழில் விளக்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள். என்னிடம் கேட்டவர்களுக்கு ஒருமுறைகூட நான் மறுத்ததில்லை.

ரெஸ்யூமைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்றுதான்: விளக்க முடியாத ப்ராஜெக்ட்டை அதில் போடாதீர்கள்.

பயிற்சியை, கோடைத் தானாக முடித்துத் தரும் ஆட்டோ கம்ப்ளீட் இல்லாத வெறும் நோட்பேடில் செய்யுங்கள், பக்கத்தில் ஒரு நண்பரை உட்கார வைத்து, 45 நிமிடம் கடிகாரம் வைத்து. நீங்கள் பேச்சை நிறுத்தினால் "இப்போ என்ன யோசிக்கிறே?" என்று கேட்பது மட்டும்தான் அவர் வேலை, அவருக்கு கோடிங் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.