கடல் தண்ணீரில் முட்டை மிதக்காது: வீட்டு அறிவியல் சோதனைகளில் தவிர்க்க வேண்டியவை

உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும் என்று வகுப்பில் கேட்டதும் முட்டம், குளச்சல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு குறுக்குவழி தோன்றும். கடல்தான் பக்கத்திலேயே இருக்கிறதே, ஒரு பாட்டில் பிடித்து வந்தால் போதாதா? போதாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புதான். புது முட்டை மிதக்க அதைப்போல மூன்று மடங்காவது வேண்டும். 200 மில்லி டம்ளருக்கு நாலைந்து டீஸ்பூன் தூள் உப்பு. புத்தளம், சாமிதோப்பு உப்பளங்களில் வெயிலுக்கு வற்றி உப்பு விளையும் பக்குவத்தில் நிற்கும் நீரில் என்றால் தாராளமாக மிதக்கும்.

கல் உப்பை அள்ளிப் போட்டுவிட்டு உடனே முட்டையை விடுவதும் வீண். கரையாமல் அடியில் கிடக்கும் உப்பு கணக்கில் வராது.

அதைவிடப் பெரிய தவறு, ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீர் டம்ளர் ஒன்று வைக்காததுதான். நாள்பட்ட முட்டைக்குள் காற்றறை பெரிதாகி, அது நல்ல தண்ணீரிலேயே மிதந்துவிடும். அங்கே மூழ்குகிறதா என்று முதலில் பார்க்காவிட்டால், தூக்கி விட்டது உப்பா, முட்டையின் வயசா? பிள்ளை இதைக் கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது. கேட்காத பிள்ளைக்கு நாமே முடிவை முன்கூட்டிச் சொல்லியிருப்போம், அது இன்னொரு தவறு. "என்ன ஆகும்னு நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது பெரியவர்களுக்குத்தான் கஷ்டம்.

ஆப்ப சோடாவில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றினால் கார்பன் டை ஆக்சைடு பொங்கி வரும். பாட்டில் வாயில் பலூன் மாட்டலாம். மூடி போட்டுத் திருகவே கூடாது, வெடித்துவிடும். கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் பிள்ளைகள் கைக்கே எட்டவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின், நச்சுவாயு.

காரம் பட்டால் மஞ்சள் தூள் சிவக்கும் என்று காட்டும் சோதனைக்குப் பாட்டியின் வெற்றிலைச் செல்லத்தில் இருந்து சுண்ணாம்பை எடுப்பது வழக்கம். வேண்டாம். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். தெறித்துவிட்டால் கண்ணைக் கசக்காமல், ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். துணி சோப்பே போதும், மஞ்சள் நன்றாகவே சிவக்கும். சிவந்ததில் எலுமிச்சை பிழிந்தால் பழையபடி மஞ்சளாகும். ஆனால் புளிப்பைக் கண்டுபிடிக்க மஞ்சளை நம்பாதீர்கள். எலுமிச்சையை நேராக மஞ்சளில் விட்டால் பெரிதாக எதுவும் மாறாது. அதற்கு வேலி ஓரத்துச் செம்பருத்தி இருக்கிறது. இதழை வெந்நீரில் ஊறவைத்த சாறு எலுமிச்சைக்குச் சிவக்கும், ஆப்ப சோடாவுக்குப் பச்சையாகும்.

அப்புறம், யூனிஃபார்மோடு மஞ்சளில் கை வைக்க விடாதீர்கள். பட்டுவிட்டால் சோப்பு போட்டதும் கறை சிவக்கும். பதற வேண்டாம், அதுவும் அதே சோதனைதான். நன்றாக அலசி, நல்ல வெயிலில் காயப்போட்டால் வெளுத்துவிடும்.