பனிமனிதன் ஃபிராஸ்டியைக் குழந்தையோடு உட்கார்ந்து பார்ப்பது எப்படி

ஃபிராஸ்டி, மந்திரத் தொப்பியால் உயிர் பெறும் பனிமனிதன்; அமெரிக்கப் பாட்டொன்றில் பிறந்து கார்ட்டூன் படங்களுக்கு வந்தவன். முதலில் பாட்டு, அப்புறம்தான் படம். எங்கள் வீட்டில் என் அக்கா மகளுக்கு நான் பிடிவாதமாகக் கடைப்பிடித்த வரிசை இது. ஜாக் ரோலின்ஸும் ஸ்டீவ் நெல்சனும் எழுதி, 1950-ல் ஜீன் ஆட்ரி பாடிய பாட்டு. சோளக்கதிர்த் தண்டில் செய்த புகைக்குழாய், பொத்தான் மூக்கு, கரித்துண்டுக் கண்கள், பழைய பட்டுத் தொப்பி என்று பாட்டு ஒவ்வொன்றாகச் சொல்லும்போதே பிள்ளையைப் படம் வரையச் சொல்லுங்கள். தன் கையால் வரைந்தவனைத் திரையில் பார்க்கையில் அந்தச் சந்தோஷமே தனி. கிறிஸ்துமஸ் என்ற பேச்சே அந்தப் பாட்டில் கிடையாது. பனி பெய்கிற எந்த நாளுக்கும் பொருந்தும்.

அடுத்து, 1954-ல் யூ.பி.ஏ. நிறுவனம் எடுத்த கறுப்பு வெள்ளைக் குறும்படம். சுமார் மூன்றே நிமிடம். சிகாகோவின் டபிள்யூ.ஜி.என். தொலைக்காட்சி வருடா வருடம் இதை ஒளிபரப்பி வந்தது. சின்னப் பிள்ளைக்கு நல்ல தொடக்கம்.

பிறகு 1969-ல் சி.பி.எஸ். என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த, ராங்கின்-பாஸ் நிறுவனம் தயாரித்த படம். இருபத்தைந்து நிமிடம்தான். ஆனால் அதற்கு மட்டும் ஒரு மாலையையே ஒதுக்கி வையுங்கள். ஜிம்மி டுராண்டேயின் கரகரத்த குரல்தான் கதை சொல்லும். ஃபிராஸ்டிக்கு ஜாக்கி வெர்னன் குரல். அசைவூட்டம் ஜப்பானின் முஷி புரொடக்‌ஷன் செய்தது, அதாவது புகழ்பெற்ற ஜப்பானியச் சித்திரக்கதைக் கலைஞர் ஒசாமு தெசுகா தொடங்கிய ஸ்டுடியோ. மந்திரத் தொப்பி தலையில் விழுந்ததும் ஃபிராஸ்டி உயிர் பெற்று 'ஹேப்பி பர்த்டே' என்பான். அங்கே ஒரு நொடி நிறுத்தி, அவன் பிறந்ததே இப்போதுதான் என்று பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். மற்ற இடங்களில் குறுக்கே பேச வேண்டாம்.

படத்தின் உயிர் கண்ணாடிக் கூடத்துக் காட்சியில் இருக்கிறது. குளிரில் நடுங்கும் தோழி, சிறுமி கேரனுக்காக ஃபிராஸ்டி அந்தச் சூடான செடிக்கூடத்துக்குள் போகிறான். தொப்பியைத் திரும்பப் பறிக்கத் துரத்திவரும் மந்திரவாதி ஹிங்கிள் வெளியிலிருந்து பூட்டிவிடுகிறான். சாண்டா வந்து பார்க்கையில் தரையில் தண்ணீர்தான் இருக்கிறது, பக்கத்தில் கேரன் அழுதுகொண்டிருக்கிறாள். பிள்ளை பயப்படுமே என்று இதை ஓட்டிவிடும் பெரியவர்கள் உண்டு. தயவுசெய்து ஓட்டாதீர்கள். தனக்கு ஆகாத வெப்பத்துக்குள் இன்னொருவருக்காகப் போனான் என்பதுதானே கதை! அதற்குத் தயாராக, அன்று காலையே ஒரு தட்டில் ஐஸ்கட்டியை வைத்து, கரைவதைப் பிள்ளையே பார்க்கட்டும். அந்தத் தண்ணீரை மறுபடி ஃப்ரிட்ஜில் உறைய வைக்கவும் செய்யுங்கள்.

எங்கள் குட்டி அந்த இடத்தில், "சித்தி, அவன் செத்துட்டானா?" என்று கேட்டாள். "இல்லடா, தண்ணியாயிட்டான். பாரு, தாத்தா என்ன சொல்றாருன்னு" என்றேன், அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் பனி மழையாகப் போனாலும் டிசம்பர் காற்று பட்டால் திரும்பி வரும் என்று சாண்டாவே விளக்கி, கதவைத் திறக்கிறார். நம் விளக்கத்தைவிட அது நூறு மடங்கு அழகு.

ராங்கின்-பாஸின் இரண்டாவது ஃபிராஸ்டி படம் 1976-ல் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் வந்தது. ஆண்டி கிரிஃபித் கதை சொல்கிறார். தனிமையில் வாடும் ஃபிராஸ்டிக்குப் பிள்ளைகள் கிரிஸ்டல் என்ற பனிப்பெண்ணைச் செய்து தருகிறார்கள். குளிரின் உருவமான பொறாமைக்கார ஜாக் ஃபிராஸ்ட் தொப்பியைப் பறிக்கிறான். ஃபிராஸ்டிக்கும் கிரிஸ்டலுக்கும் கல்யாணம் செய்துவைக்கப் பாதிரியார் தேவைப்பட்டதும் அவரையும் பனியிலேயே செய்துவிடுகிறார்கள், எனக்கு மிகப் பிடித்த இடம். முதல் படம் பார்த்து ஒரு வாரமாவது போகட்டும், பிறகு காட்டுங்கள்.

1979-ல் சாண்டாவின் வண்டியை இழுக்கும் ருடால்ஃப் மானோடு ஃபிராஸ்டி சேர்ந்து வருவது பொம்மைகளை அசைத்து எடுத்த முழுநீளப் படம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும்; பள்ளி செல்லும் வயது வரட்டும்.

ஒரு எச்சரிக்கை. 1969 படம் இருக்கும் டிவிடியிலேயே பல சமயம் 1992-ல் வந்த 'ஃபிராஸ்டி ரிட்டர்ன்ஸ்' படமும் சேர்ந்திருக்கும். அது ராங்கின்-பாஸ் தயாரிப்பு அல்ல. குரல் ஜான் குட்மேன். பனியை மறையச் செய்யும் ஸ்ப்ரே ஒன்றுக்கு எதிரான கதை, கெட்ட கதை இல்லை. ஆனால் அதில் ஃபிராஸ்டி தொப்பியைக் கழற்றினாலும் உயிரோடு இருப்பான். தொப்பியில்தான் உயிர் என்று நம்பி அழுத பிள்ளைக்கு இது குழப்பம். ஒரே இரவில் இரண்டையும் போடாதீர்கள். போட நேர்ந்தால், "இது வேற ஃபிராஸ்டி" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.